விரால் மீன்

விரால் என்பது தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவலாகக் காணப்படும் ஊனுண்ணி நன்னீர் மீன் இனம் ஆகும். இது வரால் என்றும் அழைக்கப்படுகிறது. இதன் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா. குளம், குட்டை, வாய்க்கால், நெல் வயல் ஆகிய ஆழம் குறைந்த நீர்நிலைகளில் இது வாழ்கிறது. முள் குறைவாகவும் சதைப்பற்று மிகுதியாகவும் இருப்பதாலும், நீரை விட்டு எடுத்த பின்னரும் நெடுநேரம் உயிருடன் இருப்பதாலும் சந்தையில் இதற்கு நல்ல விலை உண்டு.

தமிழகத்தில் தூண்டில் இடுவோர் மிகவும் விரும்பும் மீன்களுள் விராலும் ஒன்று. இது காற்றை மூச்சாக உட்கொள்கிறது. தன் குஞ்சுகளைக் காவல் காக்கிறது. ஆண்டுதோறும் வற்றி நிரம்பும் காவிரிப் படுகையின் நீர்நிலைகளில் இம்மீன் தழைத்திருக்க இவ்விரு இயல்புகளே காரணம். தூண்டில்காரர் இதனைக் கண்டுபிடிப்பதும் இவ்விரு இயல்புகளைக் கொண்டுதான்.

(இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் குத்தாலம் மயிலாடுதுறை மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள ஊர். அருவிகளுக்குப் பெயர் பெற்ற தென்காசி மாவட்டத்துக் குற்றாலம் வேறு.)

பெயர்கள்

சங்க இலக்கியத்தில் இம்மீன் வரால் என்றே குறிக்கப்படுகிறது. மலையாளத்திலும் இது வரால்தான். தெலுங்கில் கொர்ரமீனு என்றும், சிங்களத்தில் லூலா என்றும், மலாய் மொழியில் ஹாருவான் என்றும் வழங்குகிறது. தெலங்கானா மாநிலத்தின் மாநில மீன் இதுவே.

சன்னா பேரினத்தைச் சேர்ந்த வேறு சில மீன்களும் தமிழகத்தில் உள்ளன. அவற்றுள் கொரவை (சன்னா பங்டேட்டா) விராலை விடச் சிறியது. உடலில் புள்ளிகள் கொண்டது. பூ விரால் அல்லது அவுரி (சன்னா மருலியசு) விராலை விடப் பெரிதாக வளரக் கூடியது. ஆறு, ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளை விரும்புவது.

பெர்லின் நகர மருத்துவரும் மீனியலாளருமான மார்க்கசு எலீசர் பிளாக் 1793-ஆம் ஆண்டில் விராலை அறிவியல் முறைப்படி விவரித்தார். அவர் இட்ட பேரினப் பெயரான ஒபிசெபாலசு என்பதற்குக் கிரேக்க மொழியில் 'பாம்புத்தலை' என்று பொருள். தரங்கம்பாடியில் பணியாற்றிய மதபோதகர் கிறித்தோப் சாமுவேல் ஜான் (இறப்பு: 1813) பிளாக்கிற்குத் தென்னிந்திய மீன்களை அனுப்பி வந்தவர். கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்திற்கு ஜானியசு என்று பிளாக் பெயரிட்டது இவர் நினைவாகவே. பின்னர் 1801-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெப்பேடு இதே மீனுக்கு 'ஒபிசெபாலசு விரால்' எனவும், கொரவைக்கு 'ஒபிசெபாலசு கருவை' எனவும் பெயர்கள் இட்டார். இவை தமிழ்ப் பெயர்களை ஐரோப்பியர் தம் செவிக்கேற்ப எழுதிக்கொண்ட வடிவங்கள். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது உயிரியல் பெயரிடல் விதி. ஆகவே லாசெப்பேடு இட்ட பெயர்கள் இன்று இணைப்பெயர்களாக மட்டுமே பட்டியல்களில் உள்ளன.

உடலமைப்பு

விராலின் உடல் உருண்டு நீண்டது. வால் பக்கம் சற்றுத் தட்டையானது. தலையின் மேற்புறத்தில் பெரிய செதில்கள் தகடுகள் போல அமைந்து பாம்பின் தலையை நினைவூட்டுகின்றன. வாய் கண்ணுக்குப் பின்புறம் வரை பிளந்திருக்கும். தாடைகளில் கூரிய பற்கள் உண்டு. முதுகு கரும்பழுப்பாகவும், வயிறு வெண்மையாகவும் இருக்கும். பக்கவாட்டில் சாய்வான கரும்பட்டைகள் காணப்படும். இனப்பெயரான ஸ்ட்ரையாட்டா என்பது இவ்வரிகளையே குறிக்கிறது.

முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் உடலின் பெரும் பகுதிக்கு நீண்டு கிடக்கின்றன. வால் துடுப்பு வட்டமானது. கெளுத்தி, தேளி ஆகியவற்றைப் போலக் குத்தும் முள் இதன் துடுப்புகளில் இல்லை. ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது எனப் பதிவுகள் உள்ளன. ஆயினும் வயல்வெளி வாய்க்கால்களில் பிடிபடுபவை பெரும்பாலும் அரை மீட்டருக்கு உட்பட்டவையே.

காற்றை மூச்சாகக் கொள்ளுதல்

பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களின் மூலம் எடுத்துக்கொள்கின்றன. விராலுக்குச் செவுள்கள் இருந்தாலும் அவை மட்டும் போதா. செவுள்களுக்கு மேலே தலையின் இரு பக்கமும் ஓர் அறை உள்ளது. அதன் உட்சுவர் மடிப்புகளுடன் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்து காணப்படும். மீன் நீர்ப்பரப்புக்கு வந்து பழைய காற்றை வெளியேற்றிப் புதிய காற்றை வாயால் விழுங்கி அவ்வறையில் நிரப்புகிறது. மேலே வர முடியாதபடி வலையால் தடுத்து வைத்தால், நீருக்குள் இருந்தபடியே விரால் மூச்சுத் திணறி இறந்துவிடும்.

சேறும் அழுகிய தழைகளும் நிறைந்த குட்டைகளில் உயிர்வளி மிகக் குறைவு. அத்தகைய நீரில் கெண்டைகள் செத்து மிதக்கும்போதும் விரால் பிழைத்திருக்கும். நீர் முற்றிலும் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடக்கும். தோலும் மூச்சறையும் ஈரமாக இருக்கும் வரை இவ்வாறு தாக்குப்பிடிக்க வல்லது. மழை பெய்தவுடன் ஈரத் தரையின் மீது ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் இதனையொத்த மூச்சுறுப்பு உள்ளது.

வாழிடம்: குத்தாலமும் காவிரிப் படுகையும்

குத்தாலம், தஞ்சாவூர் - மயிலாடுதுறை இருப்புப் பாதையில், காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர். தேவாரத்தில் இது திருத்துருத்தி எனப்படுகிறது. முன்பு தஞ்சாவூர் மாவட்டத்திலும், 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்தது. 2020-இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் தற்போது உள்ளது. பிளாக்கிற்கு மீன்களை அனுப்பிய ஜான் வாழ்ந்த தரங்கம்பாடியும் இன்று இதே மாவட்டத்தில்தான் உள்ளது.

இவ்வட்டாரத்தின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12-இல் திறக்கப்பட்டு சனவரி 28-இல் மூடப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து இந்நாட்கள் மாறுவதுண்டு. ஆற்று நீர் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி என்று பிரிந்து வயலை அடைகிறது. அதனுடன் மீன்களும் வயலுக்குள் வருகின்றன. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் வயலும் குளமும் வாய்க்காலும் ஒரே நீர்ப்பரப்பாக இணைந்துவிடும். சம்பா அறுவடைக்குப் பின் நீர் வடிந்து, வாய்க்காலின் பள்ளங்களிலும் குட்டைகளிலும் மட்டும் தேங்கும். கோடையில் அதுவும் சேறாகிறது.

ஆற்றோட்டத்தையும் தெளிந்த நீரையும் நம்பி வாழும் மீன்களுக்கு இச்சுழற்சி கடினமானது. விராலோ மழையில் பரவி, வயலில் இரை தேடி, குட்டையில் ஒதுங்கி, சேற்றில் காத்திருந்து, மீண்டும் நீர் வரும்போது வெளிவருகிறது.

உணவு

சிறு மீன்கள், தவளைகள், தலைப்பிரட்டைகள், இறால், நண்டு, நீர்ப்பூச்சிகள் ஆகியவை விராலின் உணவு. தன் இனத்துச் சிறு மீன்களையும் உண்ணும். இரையைத் துரத்திச் செல்வதை விட, அல்லி இலைகளின் அடியிலோ ஆகாயத்தாமரை, காட்டாமணக்குப் புதர்களின் ஓரத்திலோ அசையாமல் காத்திருந்து, அருகில் வருவதை ஒரே பாய்ச்சலில் கவ்வுவதே இதன் வழக்கம். வாயை மிகப் பெரிதாகத் திறக்கும்போது நீருடன் இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது.

இனப்பெருக்கமும் குஞ்சுக் காவலும்

விரால் மழைக்காலத்தில் மிகுதியாக இனப்பெருக்கம் செய்கிறது. ஆழம் குறைந்த ஓரங்களில் செடிகளை விலக்கி வட்டமான இடைவெளி ஒன்றை அமைத்துக்கொள்ளும். முட்டைகளில் எண்ணெய்த் துளி இருப்பதால் அவை நீரின் மேல் மிதக்கின்றன. ஓரிரு நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

இளங்குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீந்தும். அக்கூட்டம் நீர்ப்பரப்பில் கொதிப்பது போலத் தோன்றும். குஞ்சுகளும் காற்றுக்காக மேலே வர வேண்டும் என்பதே இதற்குக் காரணம். தாய், தந்தை மீன்கள் கூட்டத்தின் கீழே நின்று பல வாரங்கள் காவல் காக்கும். கூட்டத்தை நெருங்கும் மீன், தவளை, பாம்பு எதுவாயினும் பாய்ந்து தாக்கும். குஞ்சுகள் வளர்ந்து கருநிறம் பெற்றபின் கூட்டம் கலைகிறது.

தூண்டிலிட்டுப் பிடித்தல்

இடம் அறிதல்

விராலின் இருப்பிடத்தை அது மூச்சு விடுவதைக் கொண்டு அறிகின்றனர். மேலே வந்து காற்றை விழுங்கும்போது நீர்ப்பரப்பில் ஒரு சுழிப்பும், மெல்லிய ஓசையும், சில குமிழிகளும் தோன்றும். மீன் பெரும்பாலும் அதே பகுதியில் மீண்டும் வரும். ஆதலால் கரையில் நிழல் விழாமல் அமைதியாக நின்று கவனித்து, ஒருமுறை சுழித்த இடத்திற்குச் சற்று அப்பால் இரையை இடுவர். வெயில் தணிந்த காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். நண்பகலில் மீன் செடிகளின் நிழலில் ஒதுங்கியிருக்கும்.

கருவிகள்

மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள், தக்கை, ஈயக்குண்டு ஆகியவை வழக்கமான தூண்டிலின் உறுப்புகள். நெட்டி, மயிலிறகின் தண்டு முதலியன தக்கையாகப் பயன்படும். விரால் கொத்தியவுடன் செடிகளின் வேருக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே கெண்டைக்குப் பயன்படுத்துவதை விடத் தடித்த நரம்பும் பெரிய முள்ளும் தேவை. ஓரிடத்தில் நிற்கும் இரைக்கே தக்கை தேவை; இழுத்துச் செல்லும் இரைக்குத் தக்கையும் ஈயமும் இல்லாமல் நரம்பை நேரே முள்ளில் கட்டுவர்.

இரை

மண்புழு, வெட்டுக்கிளி, சிறு கெண்டை, சிறு தவளை ஆகியவை இரையாகும். மண்புழுவுக்குக் கொரவையும் கெளுத்தியும் முந்திக்கொள்ளும். பெரிய விராலுக்குத் தவளையே சிறந்தது என்பர். தவளையை முள்ளில் கோத்து, செடிகளின் மேல் வீசி, நீர்ப்பரப்பில் தத்திச் செல்வது போல விட்டு விட்டு இழுப்பர். இடைவெளிகளில் ஒரு நொடி நிறுத்துவர். பாய்ச்சல் பெரும்பாலும் இந்த நிறுத்தத்தில்தான் நிகழும்.

இரவுத் தூண்டில் என்பது மற்றொரு முறை. சிறு மீனையோ தவளையையோ கோத்த முள்ளைக் குறுகிய நரம்பில் கட்டி, உறுதியான குச்சியை வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ ஊன்றி, மாலையில் வைத்துக் காலையில் பார்ப்பர்.

இழுக்கும் நேரம்

நீர் வெடித்தாற்போல் தெறித்த உடனே தூண்டிலைச் சுண்டி இழுப்பது புதியவர்கள் செய்யும் பிழை. முதற்பாய்ச்சலில் மீன் இலையையும் நீரையும் சேர்த்தே கவ்வுகிறது. முள் இன்னும் தாடையில் பொருந்தியிருக்காது. மீன் இரையுடன் கீழ்நோக்கித் திரும்பி நரம்பு நகரத் தொடங்கும் வரை பொறுத்து, பின்னர் வலுவாகச் சுண்டினால் முள் தாடையில் ஏறும். அதன் பிறகு தாமதம் கூடாது. மீனின் தலை செடிக்குள் நுழைந்துவிட்டால் நரம்பு அறுவதே மிகுதி.

செயற்கைத் தவளை

பொழுதுபோக்காகத் தூண்டில் இடுவோரிடையே சுருள் பொருத்திய கோலும் ரப்பர் தவளையும் பரவியுள்ளன. தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் இம்முறை மிகவும் புகழ் பெற்றது. உள்ளீடற்ற மென்மையான தவளை உருவின் முதுகோடு இரட்டை முட்கள் ஒட்டிக் கிடக்கும். செடிகளின் மேல் இழுக்கும்போது முள் சிக்குவதில்லை. மீன் கவ்வும்போது உருவம் அமுங்கி முட்கள் வெளிப்படுகின்றன. இதனால் உயிர்த் தவளைகள் மடிவது தவிர்க்கப்படுகிறது. வயற்பூச்சிகளை உண்டு பயிரைக் காக்கும் தவளைகளின் எண்ணிக்கை குறைவதைக் கருதி, இந்தியா 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது குறிப்பிடத்தக்கது.

பழைய இலக்கியத்தில்

விராலைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் காட்சி அகநானூற்றின் 36-ஆம் பாடலில் இடம்பெறுகிறது. நக்கீரர் பாடிய இம்மருதத்திணைப் பாடலில், வரிகள் கொண்ட ஆண் வரால் ஒன்று வளைந்த முள்ளில் இருந்த இரையை விழுங்கியபின், நீர்ப்பூக்களின் இலைகளைக் கிழித்துக் கொடிகளைச் சிதைத்துப் பாய்கிறது. இழுப்பவனுக்கு வசப்படாமல், கயிற்றில் கட்டப்பட்ட சினங்கொண்ட காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. செடிகளுக்குள் வாழ்வது, பாய்ந்து கவ்வுவது, முள் ஏறியபின் செடிகளுக்குள் புகுவது என்று இன்றைய தூண்டில்காரர் அறிந்த இயல்புகள் அனைத்தும் இப்பாடலில் உள்ளன.

பிற முறைகள்

மூங்கில் குச்சிகளால் பின்னிய பறியை வாய்க்கால் மடையில் வைத்தல், மேலும் கீழும் திறந்த ஊத்தா என்னும் கூடையை ஆழம் குறைந்த நீரில் அழுத்தி உள்ளே அகப்பட்டதைக் கையால் எடுத்தல், வலை வீசுதல், குட்டையின் நீரை இறைத்துவிட்டுச் சேற்றில் தடவிப் பிடித்தல் ஆகியவை பிற முறைகளாகும். ஊர்ப் பொதுக் குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை மீன்பாசிக் குத்தகையாக ஏலம் விடப்படுவதால், அங்கு தூண்டில் இடக் குத்தகைதாரரின் இசைவு தேவை. கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்பட்ட குளங்களில் விரால் அக்குஞ்சுகளை உண்டுவிடும் என்பதால் குத்தகைதாரர் அதனை அகற்றவே விரும்புவர்.

உணவாகவும் மருந்தாகவும்

விரால் சந்தையில் சிறிதளவு நீருள்ள பாத்திரத்தில் உயிருடன் விற்கப்படுகிறது. தோலில் வழுவழுப்பு மிகுதி. ஆகவே உப்பு அல்லது சாம்பல் இட்டுத் தேய்த்துக் கழுவியே அறுப்பர். குழம்பாகவும் வறுவலாகவும் சமைக்கப்படுகிறது. சரியாக வேகாத விரால் இனங்களை உண்பதால் நாத்தசோமா என்னும் ஒட்டுண்ணிப் புழு மனிதரைத் தொற்றுவது தாய்லாந்தில் அறியப்பட்டுள்ளது. எனவே நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

அறுவை மருத்துவத்திற்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் விரால் உண்டால் புண் விரைவில் ஆறும் என்னும் நம்பிக்கை மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வலுவாக உள்ளது. அங்கு இதன் சாறு குறித்து ஆய்வுகளும் நடந்துள்ளன. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் ஆசுத்துமா நோயாளிகளுக்குச் சிறு விரால் மீனுடன் மருந்து வைத்து விழுங்கத் தரப்படுகிறது. இதனால் நோய் தீரும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

அச்சுறுத்தல்களும் காப்பும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் விரால் தீவாய்ப்பு குறைந்த இனமாகவே உள்ளது. எனினும் ஒரு குளத்திலோ ஒரு வாய்க்காலிலோ இது அருகிப் போவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

நோய்: அபனோமைசசு இன்வடான்சு என்னும் பூசணம் போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் கொள்ளைப் புண் நோய் 1988-இல் இந்தியாவில் பரவியது. இந்நோய் விரால் இனங்களைப் பெரிதும் தாக்கும்.

பூச்சிக்கொல்லி: வயலும் மீனின் வாழிடமே ஆதலால், தெளிக்கப்படும் நஞ்சு நேரே மீனையும் அதன் இரையையும் அடைகிறது. மீன்களுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பான் 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணையால் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

அயல் மீன்: இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றை மூச்சாகக் கொள்ளும் ஊனுண்ணியே. அது நீர்நிலைகளில் புகும்போது விராலின் இரைக்கும் இடத்திற்கும் போட்டி ஏற்படுகிறது.

குஞ்சுக் காவலின்போது பிடித்தல்: செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையை இட்டால் பெரிய விரால் உறுதியாகப் பாயும். பசி இல்லாவிடினும் குஞ்சுகளைக் காக்கவே அது தாக்குகிறது. விராலைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை; இழப்பு மிகுந்ததும் இதுவே. காவல் மீனை எடுத்துவிட்டால், அக்கூட்டம் முழுவதும் கெளுத்திக்கும் கொரவைக்கும் பறவைகளுக்கும் இரையாகும். பிடிபடுவது ஒரு மீன். அழிவது அடுத்த ஆண்டுக்குரிய மீன்கள்.

இதற்குத் தனிக் கருவியோ செலவோ தேவையில்லை. சிவந்த குஞ்சுகள் தெரியும் இடத்தில் தூண்டில் இடாமல் விலகுவதும், தவறிப் பிடிபட்ட காவல் மீனை உடனே அதே இடத்தில் விடுவதும் போதும். வெளியில் எடுத்த மீன் நெடுநேரம் உயிர் தாங்கும் என்றாலும், அதற்குள் குஞ்சுகள் காவலின்றி இருக்கும் என்பதால் விரைவு முக்கியம். கோடையில் குட்டையை இறைக்கும்போது ஒரு பள்ளத்தையேனும் இறைக்காமல் விட்டால், சூனில் வாய்க்காலுக்கு நீர் வரும்போது அங்கிருந்தே விரால் மீண்டும் பரவும்.

அயல்நாடுகளில்

விரால் குடும்பத்து மீன்கள் தமக்குரியதல்லாத நாடுகளில் தீங்காகக் கருதப்படுகின்றன. 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்னும் ஊரின் குளம் ஒன்றில் சீனாவைத் தாயகமாகக் கொண்ட சன்னா ஆர்கசு என்னும் இனம் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. அக்குளத்து மீன்கள் அனைத்தும் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டன. அதே ஆண்டில் அக்குடும்பத்தின் உயிர் மீன்களை அமெரிக்காவிற்குள் இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. எந்தச் சூழலிலும் பிழைப்பது, குஞ்சுகளைக் காப்பது ஆகிய இயல்புகளே அங்கு இக்குடும்பத்தைத் தீங்கு மீன்களாக்கின. காவிரிப் படுகையில் அதே இயல்புகள்தாம் விராலை வற்றும் வாய்க்கால்களிலும் நிலைபெறச் செய்கின்றன.